காய்ச்சாத பாலில் செய்த சீஸ்: யாருக்கு எதை வெட்டிக் கொடுப்பது

பாரிஸின் 18ஆம் வட்டாரத்தில் ஒரு சீஸ் கடையில் வேலை செய்கிறேன். வெட்டுவது, நிறுப்பது, தாளில் சுற்றிக் கொடுப்பது, கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வது என் தொழில். லா சப்பல் பக்கமிருந்து நம்மவர்களும் நிறைய வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளி உணவறையில் சீஸ் சாப்பிட்டுப் பழகிவிட்டு வீட்டிலும் கேட்கிறார்கள். வாங்க வரும் பெற்றோர் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அக்கா, இது காய்ச்சாத பாலில் செய்ததாமே, பயமில்லையா?"

பாலைப் பொங்கக் காய்ச்சாமல் வாயில் வைக்காத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயத்தில் அறிவு இருக்கிறது. அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். எங்கே அது கட்டாயம் வேண்டும், எங்கே தளர்த்திக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "யார் சாப்பிடப் போகிறார்கள்?" என்று. எந்த சீஸ் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆளைப் பாருங்கள்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயாலோ மருந்தாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். இந்த நான்கு வகையினரில் ஒருவர் சாப்பிடப் போகிறார் என்றால், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ் எதையும் நான் வெட்டிக் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் சற்று முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

காரணம் இருக்கிறது. 2018இல் காய்ச்சாத பாலில் செய்த ரெப்லோஷோன் சீஸ் மூலம் ஈ. கோலை ஓ26 என்ற கிருமி பரவிப் பிரான்ஸில் பல சிறு குழந்தைகள் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டு, 2019இல், சேன் மர்செலான், சேன் ஃபெலிசியான் என்ற இரண்டு மென்மையான சீஸ்கள் வழியாக அதே வகைக் கிருமி மறுபடியும் குழந்தைகளைத் தாக்கியது. பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சிறு குழந்தைகளில் சிலருக்கோ, கிருமி சுரக்கும் நச்சு இரத்த அணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. டயாலிசிஸ் வரை போகும் நோய் இது. பிழைத்த பிள்ளைகளில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் சிறுநீரகக் கோளாறு தொடர்கிறது.

இதற்குப் பிறகு பிரான்ஸ் விவசாய அமைச்சகம் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சாத பால் சீஸ் கொடுக்கக்கூடாது என்று தெளிவாக அறிவுறுத்தியது. காய்ச்சாத பால் சீஸைத் தேசியப் பெருமையாகக் கொண்டாடும் நாடே இப்படிச் சொல்கிறது என்றால், நாம் அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே அறிவுரையில் ஒரு விலக்கும் இருக்கிறது: தயிர்க்கட்டியைச் சூடாக்கி, அழுத்தி, மாதக்கணக்கில் முதிர வைக்கும் கடின சீஸ்கள். கோம்தே, எமெந்தால் போன்றவை.

கர்ப்பிணிகளின் கதை வேறு. அங்கே எதிரி லிஸ்டீரியா. மற்றக் கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும்போது இது 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். தாய்க்கு இலேசான காய்ச்சல் மட்டும் வந்து போகலாம். கருவிலுள்ள குழந்தைக்கு அது உயிராபத்து. வெள்ளைப் பூஞ்சணத் தோல் மூடிய சீஸ், தோலை உப்புநீரால் கழுவிக் கழுவி முதிர வைத்த ஆரஞ்சு நிறச் சீஸ், நீலப் பூஞ்சண சீஸ் ஆகிய மூன்றையும் பிள்ளை பிறக்கும்வரை தள்ளி வையுங்கள். மென்மையான சீஸ் என்றால், பால் பாஸ்டரைஸ் செய்யப்பட்டதாக, அதாவது கிருமி சாகச் சூடாக்கப்பட்டதாக, இருந்தாலும் கர்ப்பிணிக்கு வேண்டாம் என்பது என் பழக்கம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கடினச் சீஸை விரும்பிச் சாப்பிடலாம், தோலை மட்டும் தடிப்பாக வெட்டிவிட்டு. வெள்ளித்தாளில் சுற்றி வரும் முக்கோணச் சீஸ் சூட்டில் உருக்கிச் செய்யப்படுவது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

கோம்தே எப்படித் தப்பிக்கிறது?

மென்மையான சீஸ், கடினச் சீஸ் இரண்டுமே காய்ச்சாத பால்தானே, ஒன்றுக்குத் தடை, மற்றதற்கு அனுமதியா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. செய்முறையைப் பார்த்தால் விளங்கும்.

கோம்தே பிரான்ஸின் கிழக்கே ஜுரா மலைப்பகுதியில் செய்யப்படுகிறது. மோன்பெலியார்து, பிரெஞ்சு சிமெந்தால் என்ற இரண்டு இனப் பசுக்களின் பால் மட்டுமே சேர்க்கலாம். சக்கர வடிவிலான ஒரு முழுச் சீஸுக்கு ஏறத்தாழ 400 லிட்டர் பால் போகிறது; சக்கரம் 40 கிலோ அளவில் இருக்கும். உறைந்த கட்டியை மணி மணியாக வெட்டிய பிறகு, செப்பு அண்டாவில் 53 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கிளறுகிறார்கள். பிறகு அழுத்தி நீரை வெளியேற்றி, உப்பிட்டு, குறைந்தது 120 நாள் நிலவறையில் வைக்கிறார்கள். சூடு, அமிலம், உப்பு, ஈரமின்மை, காலம் என்று ஐந்து தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கெட்ட கிருமி ஒன்றைத் தாண்டினாலும் அடுத்ததில் சிக்கிக்கொள்கிறது.

மென்மையான சீஸில் இந்தத் தடைகள் குறைவு. கமம்பேர் என்ற மென்மையான சீஸின் தயிர்க்கட்டியைச் சூடாக்குவதில்லை, அழுத்துவதில்லை. அகப்பையால் அள்ளி அச்சில் இடுகிறார்கள், நீர் தானாக வடிகிறது. ஈரம் தங்கிவிடுகிறது. முதலில் புளிப்பாக இருக்கும் கட்டியின் அமிலத்தை மேலே வளரும் வெள்ளைப் பூஞ்சணம் தின்னத் தொடங்குகிறது. உள்ளே வெண்ணெய்போல் இளகுவதும் அந்த மணமும் இதனால்தான் வருகின்றன. அமிலம் குறையக் குறைய, லிஸ்டீரியா வளர ஏற்ற இடமாகவும் தோல் மாறுகிறது. ஆகவே மென்மையான சீஸ் முதிர முதிரப் பாதுகாப்பாகிறது என்று எண்ண வேண்டாம். கடினச் சீஸுக்குப் பொருந்தும் கணக்கு இங்கே தலைகீழ்.

அமெரிக்காவில் காய்ச்சாத பால் சீஸை 60 நாள் முதிர வைத்த பிறகே விற்க வேண்டும் என்ற விதி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருக்கிறது. உறவினர் சிலர் அதைச் சொல்லி, "60 நாள் தாண்டினால் போதுமாம்" என்பார்கள். செடார் என்ற கடினச் சீஸில்கூட ஈ. கோலை 60 நாளுக்கு மேல் உயிரோடு இருந்ததை ஆய்வுகள் காட்டிவிட்டன. நாளை எண்ணுவதைவிடச் செய்முறையைக் கேட்பது மேல்.

லேபிள் வாசிக்கும் முறை

பிரான்ஸில் உறையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். "லே க்ரூ" என்று இருந்தால் பாலை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கவில்லை என்று பொருள். "தெர்மிசே" என்றால் இடைப்பட்ட சூடு, 57 முதல் 68 டிகிரி வரை. இது முழுப் பாதுகாப்பு இல்லை. குழந்தைக்கு வாங்கும்போது இதையும் காய்ச்சாத பாலாகவே கணக்கில் எடுங்கள். "பாஸ்தரிசே" என்றால் வழக்கமாக 72 டிகிரியில் 15 விநாடி.

சில பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். ரோக்ஃபோர், கோம்தே, போஃபோர், ரெப்லோஷோன், மோர்பியே, மோன் தோர், பிரீ த மோ, கமம்பேர் த நோர்மந்தி: இவை எல்லாம் விதிப்படி காய்ச்சாத பாலில்தான் செய்யப்படவேண்டும். உறையில் "லே க்ரூ" சிறிய எழுத்தில் ஒளிந்திருந்தாலும் பெயரே சொல்லிவிடும். வெறும் "கமம்பேர்" என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பாஸ்டரைஸ் செய்த பால். "த நோர்மந்தி" என்ற இரண்டு சொல்லில் இத்தனை இருக்கிறது.

ரெப்லோஷோன் வாங்கும்போது தோலில் பதித்திருக்கும் சிறு வில்லையைப் பாருங்கள். பச்சை என்றால் ஒரே பண்ணையின் பாலில் அங்கேயே செய்தது. சிவப்பு என்றால் பல பண்ணைகளின் பால் கலந்தது. சுவைக்கு நான் பச்சையைத்தான் எடுப்பேன். ஆனால் இரண்டும் காய்ச்சாத பால். பச்சை வில்லை குழந்தைக்கான அனுமதிச் சீட்டு ஆகாது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸின் மரபான சீஸ்களில் பெரும்பாலானவை கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைக்கப்படுகின்றன. உறையில் "பிரெசூர்" என்றிருந்தால் அதுதான். "கோகுலான் மிக்ரோபியான்" என்று தேடுங்கள். அது நுண்ணுயிரிலிருந்து வருவது. கோம்தேயும் ரோக்ஃபோரும் சைவர்களுக்கு இல்லை என்று நான் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். கோவிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமையில் தெரியாமல் ஒருவர் அதைச் சாப்பிட நான் காரணமாக இருக்கக்கூடாது.

வாக்குவாதம்

இந்த ஊரில் காய்ச்சாத பால் என்றால் இரண்டு கட்சி. நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

சீஸ் செய்பவர்கள் சொல்வது இது. பாலோடு வரும் நுண்ணுயிர்களும் நொதிகளும்தான் மணத்துக்கு அடிப்படை. புல் மாறினால், பருவம் மாறினால், பால் மாறும். சூடாக்கினால் அந்த வேறுபாடு மங்கிவிடும். கோடையில் மேய்ந்த பசுவின் கோம்தே மஞ்சளாகவும் பூ மணத்தோடும் இருக்கும். குளிர்காலத்தில் உலர்த்திய புல் தின்ற பசுவின் பாலில் வெளிறி, கொட்டை மணம் தூக்கலாக வரும். இதை நான் தினமும் நாக்கால் அறிகிறேன், மறுக்க மாட்டேன். மேலும், காய்ச்சாத பாலில் சீஸ் செய்பவர் பிழைவிட இடமில்லாததால் கறக்கும் இடத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார் என்பார்கள். நல்ல பண்ணைகளில் அது உண்மை.

மருத்துவர்கள் சொல்வதும் உண்மை. ஈ. கோலையின் அந்த ஆபத்தான வகை நல்ல ஆரோக்கியமான பசுவின் குடலில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கிறது. கறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சாணத் துளி போதும். சோதனைக்கு எடுத்த துண்டில் கிருமி இல்லாமல் பக்கத்துத் துண்டில் இருக்கலாம். நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒரு குழந்தையை வீழ்த்தும். எவ்வளவு நேர்மையான பண்ணையாளரானாலும் இதை முற்றாகத் தடுக்க முடியாது.

கமம்பேரின் ஊரான நோர்மந்தியில் இந்த வாதம் சந்தைச் சண்டையாகவே மாறியது. 2007இல் பெரிய நிறுவனங்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டி, சூடாக்கிய பாலிலும் கமம்பேர் த நோர்மந்தி செய்ய அனுமதி கேட்டன. கிடைக்கவில்லை. 2018இல் ஒரு சமரசம் எட்டப்பட்டு, 2020இல் உற்பத்தியாளர்களின் வாக்கெடுப்பில் அது தோற்றது. பெயர் காய்ச்சாத பாலுக்கே நின்றது. எனக்கு அதில் மகிழ்ச்சி. அகப்பையால் அள்ளி இடும் கைவேலை அந்தப் பெயர் இல்லாமல் விலை போகாது. அதே மூச்சில், அந்த வெற்றியைக் காட்டிக் "கிருமிப் பயம் எல்லாம் பெரிய கம்பெனிகளின் கட்டுக்கதை" என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவேன். 2018இல் இறந்த குழந்தை கட்டுக்கதை இல்லை.

பாஸ்டரைஸ் செய்துவிட்டால் கவலை முடிந்தது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் பிரான்ஸ் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட மென்மையான சீஸ்கள் பாஸ்டரைஸ் செய்த பாலில் ஆனவை. லிஸ்டீரியா தொற்றில் இருவர் இறந்தார்கள். சூடு பாலைத் தூய்மையாக்கும். அதற்குப் பிறகு தொழிற்சாலைத் தரையிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் வந்து ஒட்டும் கிருமிக்கு அது காவல் நிற்காது. கர்ப்பிணிக்கு மென்மையான சீஸே வேண்டாம் என்று முன்பு சொன்னது இதனால்தான்.

காய்ச்சாத பாலை அப்படியே குடிப்பது வேறு சங்கதி. அதில் அமிலமும் இல்லை, உப்பும் இல்லை, முதிர்ச்சியும் இல்லை. கிருமிக்கு ஒரு தடையும் கிடையாது. பண்ணையிலிருந்து வாங்கி வந்தால் நம் அம்மாக்கள் செய்ததுபோல் பொங்கக் காய்ச்சுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இனிச் சாப்பிடுவோம்

ஆரோக்கியமான பெரியவர் நீங்கள் என்றால், பயத்தை ஓரமாக வைத்துவிட்டு நன்றாக அனுபவியுங்கள். பெரிய பலகை நிறைய வைக்கத் தேவையில்லை. முதல் முறைக்கு மூன்று சீஸ் போதும்: கடினமான ஒரு கோம்தே, மென்மையான ஒரு பிரீ த மோ, நீலப் பூஞ்சணமுள்ள ஒரு ரோக்ஃபோர். ஆளுக்கு மொத்தம் நூறு கிராம் தாராளம்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்துச் சாப்பிட்டால் மெழுகைத் தின்பதாகவே தோன்றும். கொழுப்பு குளிரில் இறுகி மணத்தை விடாது. கடினச் சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து, உறை பிரிக்காமல் வையுங்கள். மென்மையானதற்கு அரை மணி நேரம் போதும். ஊரில் நம் வீட்டு வெப்பத்தில் என்றால் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வெட்டும் விதத்தில் மரியாதை இருக்கிறது. பிரீ முக்கோணமாக இருக்கும். அதன் கூர்முனையை முதலில் வெட்டி எடுக்காதீர்கள். அந்த முனைதான் முழுச் சீஸின் நடுப்பகுதி, அது எல்லோருக்கும் சேரவேண்டும். முனையிலிருந்து தோல்வரை நீளவாக்கில் மெல்லிய துண்டாக வெட்டுங்கள். கோம்தேயை முதலில் தோலுக்கு இணையாக வெட்டாமல், தோலிலிருந்து உள்நோக்கிக் குச்சிகளாக வெட்டினால் ஒரே துண்டில் இரண்டு மூன்று சுவை கிடைக்கும். ரோக்ஃபோர் கத்தியில் நொறுங்கும். மெல்லிய கம்பியால் அறுப்பது நல்லது.

சுவை இலேசானதிலிருந்து கடுமையானதற்குப் போங்கள். ரோக்ஃபோரை முதலில் தொட்டால் பிறகு வருவது எதுவும் நாக்கில் ஏறாது. பிரீயின் வெள்ளைத் தோலைச் சாப்பிடலாம், கோம்தேயின் பழுப்புத் தோலை விட்டுவிடுங்கள். பழைய கோம்தேயில் பல்லில் நறநறவென்று படும் வெள்ளைப் புள்ளிகளை உப்பு என்று நினைத்துச் சுரண்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை புரதம் உடைந்து உருவாகும் அமினோ அமிலப் படிகங்கள். நல்ல முதிர்ச்சிக்கு அடையாளம், ஆகையால் மகிழ்ச்சியோடு மெல்லுங்கள்.

வைன் இல்லாமலும் நன்றாகப் போகும். பதினெட்டு மாதம் முதிர்ந்த கோம்தேக்குச் சீனி போடாத பிளேன் டீயை நான் வைனைவிட உயர்வாக வைப்பேன். சூடு கொழுப்பை இளக்கி மணத்தை மேலே கொண்டுவரும், துவர்ப்பு நாக்கைக் கழுவிவிடும். ரோக்ஃபோருக்குத் தேனும் அக்ரோட்டும் சேர்ப்பார்கள். கித்துள் பாணி சில துளி விட்டுப் பாருங்கள், அந்த உப்பும் இந்தக் கருகல் இனிப்பும் அருமையாகச் சேரும். பாண் வெறும் பாணாக இருக்கட்டும். உப்பு பிஸ்கட் வேண்டாம், சீஸிலேயே தேவையான உப்பு இருக்கிறது. பால் குடித்தால் வயிறு பொருமும் என்பவர்களும் முதிர்ந்த கோம்தேயைச் சாப்பிடலாம். அதன் லாக்டோஸைப் பாக்டீரியாக்கள் முன்பே தின்று தீர்த்துவிட்டன.

வீட்டில் வைக்கும் விதம், தவறு நேர்ந்தால்

கடையில் சுற்றித் தரும் தாளிலேயே வையுங்கள். பிளாஸ்டிக் சுருளுக்குள் சீஸ் மூச்சுமுட்டி ஈரம் கசியும். குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டு கடினச் சீஸுக்கு ஏற்ற இடம். காய்ச்சாத பாலின் மென்மையான சீஸை மட்டும் 4 டிகிரி இருக்கும் குளிர்ந்த தட்டில், மூடிய பெட்டிக்குள் தனியாக வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள். பச்சைக் காய்களும் சமைத்த உணவும் அதைத் தொடக்கூடாது. வெட்டிய கத்தியைக் கழுவாமல் குழந்தையின் தட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ரெப்லோஷோனை உருளைக்கிழங்கோடு அடுப்பில் வைத்துத் தார்த்திஃப்லெத் செய்யும் வீடுகளில் சிறு பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். மேலே பொன்னிறமானால் போதாது. நடுவில் 70 டிகிரி தாண்டிக் கொதித்துக் குமிழிட வேண்டும். மரப்பெட்டியில் வரும் மோன் தோர் சீஸைப் பெட்டியோடு சூடாக்கி உருக்குவது அந்த அளவு சூட்டை எட்டும் என்று நம்பக்கூடாது. அது பெரியவர்களுக்கான உணவு.

உறையை உடனே குப்பையில் போடாதீர்கள். அதில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் எண் எந்த ஆலையில் செய்தது என்பதைச் சொல்லும். பக்கத்தில் தொகுதி எண் இருக்கும். "ராப்பெல் கோன்சோ" என்ற அரசுத் தளத்தில் திரும்பப் பெறப்படும் பொருட்களின் பட்டியல் தினமும் வருகிறது. உங்கள் கையில் எண் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்தான். கடையில் வெட்டி வாங்கினால் பெயரையும் வாங்கிய நாளையும் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

சீஸ் சாப்பிட்ட பத்து நாளுக்குள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அதிலும் இரத்தம் கலந்து போனால், முகம் வெளிறினால், சிறுநீர் குறைந்தால், வீட்டு மருந்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக்கூடாது. கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், இரண்டு மாதத்துக்கு முன்பு சாப்பிட்ட சீஸையும் நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். லிஸ்டீரியா அவ்வளவு காலம் கழித்தும் வெளிப்படும். உறையோ அதன் படமோ இருந்தால் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.